யூபோனியத்துக்குப் பொருந்தும் மவுத்பீஸ்

பித்தளை ஊதுகருவியான யூபோனியத்தில் முதலில் அதிர்வது வாசிப்பவரின் உதடு. சங்கிலும் கொம்பிலும் எக்காளத்திலும் நடப்பதே இங்கும் நடக்கிறது. இறுக்கிய உதடுகளுக்கு நடுவே காற்று பிதுங்கி வெளியேறுகிறது, உதடு துடிக்கிறது, அந்தத் துடிப்பைக் குழலுக்குள் நிற்கும் காற்று தன் சுருதிக்கு இழுத்துக்கொள்கிறது. உதட்டுக்கும் ஒன்பதடிக் குழலுக்கும் இடையே நிற்கும் சிறிய உலோகத் துண்டுதான் ஊதுவாய். பேண்டுக்காரர்கள் பேச்சில் மவுத்பீஸ். நாகசுரக்காரர் நாலைந்து சீவாளிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டு, அன்று எது நன்றாகப் பேசுகிறதோ அதை எடுத்துச் செருகுவார். சீவாளி தானே அதிரும், தேயும், மாற்றியாக வேண்டும். மவுத்பீஸ் அதிர்வதில்லை, எளிதில் தேய்வதுமில்லை. அதனால் தவறாகத் தேர்ந்த மவுத்பீஸ் ஒரு கருவியோடு முப்பது ஆண்டுகூடத் தங்கிவிடும். வாசிப்பவர் அத்தனை காலமும் குறை தன் மூச்சிலும் உதட்டிலும் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பார்.

மவுத்பீஸுக்கு ஐந்து பகுதிகள் உண்டு. உதடு படியும் வளையம் ரிம். அதற்குள் இருக்கும் குழிவு கப், அதாவது கிண்ணம். கிண்ணத்தின் அடியில் குறுகும் துளை தொண்டை. தொண்டைக்குப் பின்னால் மெல்ல விரியும் வழி பின்துளை. கருவியின் வாங்கிக்குள், அதாவது ரிசீவருக்குள், செருகப்படும் வெளித்தண்டு ஷாங்க். கடையில் மவுத்பீஸ் வாங்குபவர் பெரும்பாலும் கிண்ணத்தைப் பற்றியே கேட்கிறார். ஆனால் தேர்வு தொடங்க வேண்டியது மறுமுனையில், ஷாங்கிலிருந்து.

திருவள்ளூர் மாவட்டத்தில் எந்த மவுத்பீஸ் என்பது வெறும் புத்தகக் கேள்வி அல்ல. ஆவடியில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பட்டாலியன்களும் மத்திய ரிசர்வ் காவல் படையின் மையமும் இருக்கின்றன. அணிவகுப்பு இசை இங்கே பழகிய ஒன்று. தேவாலயத் தேர்ப்பவனி, கல்யாண ஊர்வலம், இறுதி ஊர்வலம், பள்ளி விளையாட்டு விழா என்று பேண்டு செட்டுக்கு வேலை தரும் நாள்கள் ஏராளம். மேற்கத்திய பேண்டோடு இந்த வட்டாரத்துக்கு உள்ள உறவு யூபோனியத்தைவிடவே மூத்தது. திருவள்ளூர் மாவட்டத்தோடு இருந்து பின்னர் மாநகருக்குள் சேர்ந்த மணலியில்தான் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை முத்துகிருஷ்ண முதலியார் ஆதரித்தார். முதலியாரின் மகன் அந்தக் குடும்பத்தைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பேண்டைக் கேட்க வைத்ததாகவும், ராமசுவாமியின் மகன் முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளில் இயற்றிய நோட்டுஸ்வரங்கள் அப்படிக் கேட்டதிலிருந்து பிறந்ததாகவும் இசை மரபு சொல்கிறது. அந்த பேண்டில் யூபோனியம் இருந்திருக்க முடியாது. அக்கருவி ஜெர்மனியில் 1843 வாக்கில்தான் உருவானது. வால்வுகளின் சுருதிப் பிழையைத் திருத்தும், இன்று வழங்கும் ஈடுசெய் வால்வு அமைப்பை லண்டனில் பிளெய்க்லி என்பவர் 1874இல் கொண்டுவந்தார்.

இன்று இங்கு ஊதப்படும் யூபோனியங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், ஜலி கோட்டி வட்டாரத்துப் பட்டறைகளில் செய்தவை ஒரு வகை. 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனத்தின் காலத்திலிருந்து இந்தியப் பேண்டுகளுக்குப் பித்தளைக் கருவி அனுப்பும் ஊர் அது. படைப்பிரிவுகளும் மிஷன் பள்ளிகளும் விட்டுச்சென்ற பழைய ஆங்கிலக் கருவிகள் இன்னொரு வகை. அண்மையில் வந்து சேர்ந்த ஜப்பானிய, சீனக் கருவிகள் மற்றொரு வகை. ஒரே குழுவில் மூன்று வகையும் கலந்திருப்பதும், ஒன்றின் மவுத்பீஸ் தொலைந்தபோது இன்னொன்றினுடையதைச் செருகிக்கொள்வதும் சகஜம். அங்கேதான் ஷாங்க் சிக்கல் முளைக்கிறது.

யூபோனிய ஷாங்க் மூன்று அளவுகளில் வருகிறது. சிறியது, சிறு துளை டெனார் டிராம்போனின் ஷாங்கேதான். யமஹா 321 மாதிரி, மூன்று வால்வுள்ள பெரும்பாலான மாணவர் கருவிகள், பிரிட்டிஷ் பாரிட்டோன்கள் ஆகியவை இதை ஏற்கும். பெரியது, பாஸ் டிராம்போனின் ஷாங்க். யமஹா 642 போன்ற ஈடுசெய் வால்வுக் கருவிகளும், அதைப் பார்த்துச் செய்த சீனக் கருவிகளில் பெரும்பாலானவையும் இதைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே ஐரோப்பிய ஷாங்க் எனப்படும் ஒன்று உண்டு. பெஸ்ஸன் நிறுவனத்தின் பழைய இம்பீரியல் மாதிரிகள், 1970களின் நடுப்பகுதிக்கு முந்திய அதன் கருவிகள், பழைய வில்சன் கருவிகள் ஆகியவை இந்த நடு அளவில் செய்தவை. பெரும்பாலான தவறுகள் இந்த நடு அளவில்தான் நேர்கின்றன. சிறியது அதற்குள் போய்விடும், பெரியதும் ஓரளவு நுழைந்து நின்றுவிடும். பார்வைக்கு இரண்டுமே பொருந்தியது போலத் தோன்றும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகளிலோ லேத்தில் வேலை செய்பவருக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ஷாங்க் ஒரு டேப்பர். ஏறத்தாழ 20 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. என்ற சரிவு. அப்படியானால் முனையின் விட்டம் அரை மி.மீ. குறைந்தாலே மவுத்பீஸ் 10 மி.மீ. கூடுதலாக உள்ளே போய்விடும். முனை விட்டம் சிறிய ஷாங்குக்கு 11 மி.மீ. அளவிலும் பெரிய ஷாங்குக்கு 12 மி.மீ.க்குச் சற்று மேலும் இருக்கும். ஆக, சிறியதைப் பெரிய வாங்கிக்குள் விட்டால் அது டேப்பரில் உட்காராமல் ஆடும். பெரியதைச் சிறிய வாங்கிக்குள் விட்டால் நுனி மட்டும் கவ்வி நிற்கும். வழக்கமாக ஓரங்குலம் உள்ளே போக வேண்டிய தண்டு பாதியில் நின்றுவிடும்.

இதன் விளைவைக் காது உடனே பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. 10 மி.மீ. நீளம் குறைந்தால் 2.74 மீட்டர் குழலில் சுருதி அரைச்சுரத்தின் பதினாறில் ஒரு பங்குதான் ஏறும். சுருதிக் குழாயை இழுத்தால் அது சரியாகிவிடும். சரியாகாதது வேறொன்று. மவுத்பீஸின் உட்கன அளவும், அதன் முனைக்கும் குழலின் தொடக்கத்துக்கும் இடையே விழும் இடைவெளியும் மேல் ஸ்தாயிச் சுரங்களையும் கீழ் ஸ்தாயிச் சுரங்களையும் வெவ்வேறு அளவில் நகர்த்துகின்றன. கீழே சேர்ந்து நிற்கும் கருவி மேலே போகப்போக விலகும்; சில சுரங்கள் வழுக்கும்; மெல்ல ஊதத் தொடங்கும்போது ஒலி பிசிறும். பழுதை வால்வில் தேடி, எண்ணெய் மாற்றி, கடைசியில் வாசிப்பவரை மாற்றிய குழுக்கள் உண்டு.

சோதிக்கும் வழி எளிது. மவுத்பீஸைச் செருகி, திருகாமல், விரல் நுனியால் இடம் வலமாக அசைத்துப் பார்க்க வேண்டும். டேப்பர் ஒத்திருந்தால் அசைவே இராது. பிறகு ஷாங்கின் மீது பென்சிலால் லேசாகக் கோடுகள் தீட்டி, செருகி, அரைச் சுற்றுத் திருப்பி எடுத்தால் எங்கே உரசியது என்பது தெரியும். நீளம் முழுதும் கோடுகள் மங்கியிருந்தால் பொருத்தம் சரி. ஒரே இடத்தில் மட்டும் மங்கியிருந்தால் சரிவு ஒத்துவரவில்லை. வெர்னியர் காலிப்பரால் முனை விட்டத்தை அளந்து ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போவது, எந்தப் பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேட்பதையும்விடப் பயன் தரும். சிறிய ஷாங்கைப் பெரிய வாங்கியில் உட்காரவைக்கும் இடைக்குழாய்கள் கிடைக்கின்றன. தற்காலிகத்துக்கு அவை போதும். டெஃப்லான் நாடா சுற்றுவது ஆட்டத்தை நிறுத்துமே தவிர, முனையைச் சரியான இடத்தில் நிறுத்தாது. நடு அளவு வாங்கியை ரீமர் விட்டுப் பெரிதாக்கலாம் என்ற யோசனை லேத் தெரிந்தவர்களுக்கு உடனே தோன்றும். வாங்கியின் சுவர் மெல்லியது. அதற்கு அப்பால் தொடங்கும் குழலின் விரிவும் கணக்கிட்டுச் செய்தது. கருவியைக் கெடுப்பதைவிட ஷாங்கைக் கடைந்து சிறிதாக்குவதே அறிவுடைமை. மவுத்பீஸ் போனால் இன்னொன்று வாங்கலாம்.

பழைய ஆங்கிலக் கருவிகளைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் பித்தளைப் பேண்டுகள் ஏ சுரத்தை 452 ஹெர்ட்ஸை ஒட்டி வைத்துக்கொண்டன. இன்றைய 440ஐவிட ஏறத்தாழ கால் சுரம் உயரம். அந்தச் சுருதிக்குச் செய்த யூபோனியத்தின் குழல் ஏறத்தாழ 75 மி.மீ. குட்டை. அதை எந்த மவுத்பீஸாலும் இறக்க முடியாது. கீபோர்டோடு சேரவே மாட்டேன் என்கிற பழைய கருவிக்காக மவுத்பீஸ் மேல் மவுத்பீஸாக வாங்குவது வீண் செலவு.

ஷாங்க் முடிவானபின் கிண்ணத்தின் விட்டம். டிரம்பெட்டுக்கு 16, 17 மி.மீ. என்றால் யூபோனியத்துக்கு ஏறத்தாழ 24.5 முதல் 27 மி.மீ. வரை. ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் 1918இல் மவுத்பீஸ் கடையத் தொடங்கிய வின்சென்ட் பாக் வகுத்த எண்களே இன்றும் பொதுமொழி. அதில் 12சி 24.5 மி.மீ., 6½ஏஎல் 25.4, 5ஜி 25.5, 4ஜி 26, 1½ஜி 27. எண் சிறுக விட்டம் பெருகும். லண்டன் சிம்பொனி இசைக்குழுவின் முதல் டிராம்போன் கலைஞராக இருந்த டெனிஸ் விக் தம் மவுத்பீஸ்களுக்கும் இதே போக்கில்தான் எண் வைத்தார். ஷில்கி, யமஹா எண்களோ தலைகீழ். அங்கே எண் பெருக விட்டமும் பெருகும். எழுத்துகளிலும் ஒரு கண்ணி உண்டு. விக் எண்ணின் கடைசியில் வரும் எல் பெரிய ஷாங்கையும் எஸ் சிறிய ஷாங்கையும் குறிக்கும். பாக்கின் 6½ஏஎல் என்பதில் உள்ள எல்லுக்கும் ஷாங்குக்கும் தொடர்பே இல்லை; அந்த எண் இரண்டு ஷாங்கிலும் விற்கப்படுகிறது. விட்டத்தை எந்த ஆழத்தில் அளப்பது என்பதிலும் தயாரிப்பாளர்களிடையே ஒருமைப்பாடு கிடையாது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் பட்டியலில் உள்ள தசமப் புள்ளிகளை எதிரெதிரே வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

பெரிய விட்டம் உதட்டுக்கு இடம் தரும். கீழ்ச்சுரம் அகலமாக வரும். மேல்சுரத்தில் உதடு சீக்கிரம் களைத்துப்போகும். சிறிய விட்டம் மேல்சுரத்தைச் சுலபமாக்கும், நெடுநேரம் தாங்கும், அடிச்சுரம் மெலியும். தடித்த உதட்டுக்குப் பெரியது, மெல்லிய உதட்டுக்குச் சிறியது என்று பயிற்றுநர்கள் சொல்வது முழு உண்மையல்ல. முன்பற்களின் வரிசையும் தாடையின் அமைப்பும் உதட்டுத் தடிமனைவிட அதிகம் தீர்மானிக்கின்றன. பல் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் வயதில் எந்த அளவையும் நிலையானது என்று முடிவு செய்யக் கூடாது.

ஒலியின் நிறத்தைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் ஆழமும் வடிவமும். டிராம்போனுக்கும் யூபோனியத்துக்கும் குழல் நீளம் ஒன்றே. டிராம்போன் குழல் பெரும்பகுதி உருளை. யூபோனியக் குழல் தொடக்கத்திலிருந்தே விரிந்துகொண்டு போகும் கூம்பு. யூபோனியத்தின் கனிந்த, இருண்ட குரல் அந்தக் கூம்பிலிருந்து வருகிறது. அதைக் காக்க ஆழமான கிண்ணம் வேண்டும். அடியில் புனல்போலச் சரிந்து தொண்டையில் கலப்பது நல்லது. ஆழம் குறைந்த கிண்ணத்தில் ஊதினால் குரலில் கூர்மை ஏறும். யூபோனியம் மங்கலான டிராம்போனாகிவிடும். இரண்டு மவுத்பீஸ்களின் உள்ளளவை ஒப்பிட அளவுகோல் இல்லாமலே ஒரு வழி இருக்கிறது. ரிம்மை உள்ளங்கையால் தட்டினால் ‘பொப்’ என்றொரு ஒலி வரும். அந்த ஒலி தாழ்ந்திருப்பதில் கிண்ணத்தின் கொள்ளளவு அதிகம், அல்லது தொண்டை குறுகல். பானையின் வாயில் கையால் அடித்துப் பார்க்கும் கடம் வித்வானுக்கு இது புதிய பாடமல்ல.

தொண்டைத் துளை பொதுவாக 6.5 முதல் 7.5 மி.மீ. வரை. பெரிய தொண்டை அதிகக் காற்றைக் கேட்கும், பதிலுக்கு அதிக ஒலி தரும். டிரில் விட்டுத் தொண்டையை அகலப்படுத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. கால் மி.மீ. கூடினாலே மேல்சுரங்களின் சேர்மானம் கலையும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்கவும் முடியாது. பின்துளையைப் பற்றி வாங்குபவர் கவலைப்பட வேண்டியதில்லை. அது தயாரிப்பாளரின் கணக்கு.

ரிம் அகலமாக இருந்தால் அழுத்தம் பரவி உதடு வலிக்காது. குறுகலாக இருந்தால் உதடு சுதந்திரமாக நகர்ந்து தாவல் சுரங்கள் சுத்தமாக விழும். உள்விளிம்பு கூராக இருந்தால் சுரத் தொடக்கம் தெளிவாகும், ஆனால் உதட்டை அறுக்கும். காவல் பேண்டுகளில் கேட்கப்படும் ஒரு கேள்விக்கு இங்கே பதில் சொல்லலாம். ரிம்மின் மேற்பாதி மேலுதட்டில் படிவதால், அடர்ந்த மீசை அதன் அடியில் சிக்கினால் காற்றுக் கசியும். மீசையை எடுக்கவேண்டியதில்லை, உதட்டோரத்தில் மட்டும் கத்தரித்தால் போதும்.

அளவுகளைத் தெரிந்துகொண்டபின் கேட்க வேண்டியது, அந்த யூபோனியத்துக்கு என்ன வேலை என்பதுதான். தேர்ப்பவனியிலும் கல்யாண ஊர்வலத்திலும் மூன்று நான்கு மணி நேரம், வாகனச் சத்தத்துக்கு நடுவே, நடந்துகொண்டே ஊத வேண்டும். பேண்டு செட்டில் யூபோனியம் பாட்டின் மெட்டையே தாங்குவதும் உண்டு. சினிமாப் பாட்டுகள் மேல் ஸ்தாயியில் நெடுநேரம் நிற்கும். அங்கே 26 மி.மீ. கிண்ணம் பெருமைக்குத்தான் உதவும். இரண்டாம் தெரு திரும்புவதற்குள் உதடு விட்டுவிடும். 6½ஏஎல் அல்லது 5ஜி அளவு, நடுத்தர ஆழம், சற்றே அகல ரிம், இதுவே தெருவுக்கு ஏற்றது. அணிவகுப்பில் பணி வேறு. யூபோனியம் எதிர்மெட்டும் நடுக்குரலும் வாசிக்கும், ஒலி அகலமாக இருக்க வேண்டும், வாசிப்பு நேரமும் துண்டு துண்டாக வரும். அங்கே 5ஜி, 4ஜி அளவுகளுக்கு நியாயம் உண்டு. தேவாலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பவருக்கும், கிரேடுத் தேர்வுக்குத் தனிவாசிப்புப் பயில்பவருக்கும் ஆழமான புனல் கிண்ணம் தேவை. ஸ்டீவன் மீட் என்ற பிரிட்டிஷ் தனிவாசிப்புக் கலைஞரின் பெயரில் வரும் எஸ்எம் வரிசையும் விக் 4ஏஎல்லும் உலகெங்கும் இந்த வேலைக்குப் பரவியவை. பள்ளி மாணவருக்கு 12சியிலிருந்து 6½ஏஎல்லுக்குள் தொடங்குவது சரி. ஆசிரியர் ஊதும் எண்ணையே மாணவருக்கும் வாங்கித் தருவது அன்பினால் செய்யும் பிழை. ஆசிரியரின் உதடு இருபது ஆண்டுப் பயிற்சி பெற்றது.

உலோகத்தைப் பற்றி மறைவின்றிப் பேச வேண்டும். மவுத்பீஸ் பெரும்பாலும் பித்தளை ராடில் கடைந்து, வெள்ளி முலாம் பூசப்படும். எளிதில் கடைய வரும் பித்தளையில் ஈயம் கலந்திருக்கும். பட்டறைகளில் புழங்கும் வகைகளில் 2 முதல் 3.5 விழுக்காடு வரை. முலாம் முழுதாக இருக்கும் வரை கவலையில்லை. விலை மலிந்த மவுத்பீஸ்களின் மெல்லிய நிக்கல் பூச்சு உதடு படும் இடத்தில்தான் முதலில் தேயும். அடியில் மஞ்சள் தெரிந்தால் அந்த மவுத்பீஸைச் சிறுவர் கையில் கொடுக்கவே கூடாது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அவர்கள் உடலில் இல்லை. நிக்கல் சிலருக்கு உதட்டில் அரிப்பும் கொப்புளமும் தரும். அவர்களுக்கு வெள்ளி, வெள்ளியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தங்க முலாம். கந்தகச் சேர்மம் கலந்த காற்றில் வெள்ளி கறுக்கும். ஆலைப் பகுதியில் அது விரைவாக நடக்கும். கறுப்பு உடலுக்குக் கேடல்ல. அதைப் போக்க அடிக்கடி பாலிஷ் தேய்ப்பதுதான் கேடு, ஒவ்வொரு தேய்ப்பிலும் முலாம் மெலிகிறது. ஆகஸ்ட் பதினைந்து அணிவகுப்பில் வெயிலில் காத்து நிற்கும் மாணவருக்கு பாலிகார்பனேட் மவுத்பீஸ் ஒரு நல்ல மாற்று. அது சுடாது, விழுந்தாலும் நெளியாது. ஒலி சற்று மந்தம்.

சிஎன்சி லேத் வரிசை கட்டி நிற்கும் வட்டாரத்தில், ஒரு நல்ல மவுத்பீஸைப் பார்த்து நகல் கடைந்தால் என்ன என்ற எண்ணம் நியாயமானதே. வெளித்தோற்றமும் ஷாங்கும் துல்லியமாக வந்துவிடும். ரிம்மின் வளைவும் கிண்ணத்திலிருந்து தொண்டைக்கு இறங்கும் தோளும்தான் சோதனை. அச்செடுத்து அளக்காமல் கண் மதிப்பில் கடைந்தால் ஒலி வேறாகிவிடும். ஈயம் இல்லாத பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ எடுத்துக்கொண்டு, உள்பரப்பைக் கண்ணாடிபோல் மெருகேற்றினால், பள்ளிக்கு வேண்டிய பத்து மவுத்பீஸ்களை ஒரே அளவில் செய்துவிட முடியும். எஃகுக்கு முலாமும் தேவையில்லை.

வாங்குமுன் கடையில் ஐந்து நிமிடம் ஊதிப் பார்ப்பது ஏமாற்றும். புதிய மவுத்பீஸ் முதல் நாளில் எப்போதும் இனிக்கும். வாசிப்பவர் தம் சொந்தக் கருவியில், நீண்ட சுரம், மெல்லிய தொடக்கம், மேல்கீழ்த் தாவல், சுருதிப்பெட்டியோடு சேர்மானம் என்று இரண்டு வாரம் அதை மட்டுமே ஊத வேண்டும். இரண்டு மவுத்பீஸ்களை மாற்றி மாற்றி ஊதினால் எதன் குணமும் தெரியாது. தீர்ப்பு சொல்ல இருபது அடி தள்ளி நின்று கேட்கும் இன்னொரு காது அவசியம். ஊதுபவருக்குத் தம் ஒலி எலும்பின் வழியாகவும் கேட்பதால் அவர் கேட்பது வேறு.

பள்ளியில் கருவி பொதுவாக இருக்கலாம். மவுத்பீஸ் ஆளுக்கொன்றாக இருப்பதே நல்லது. சளியும் வாய்ப்புண்ணும் அதன் வழியே பரவும். வாரம் ஒருமுறை இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டு, தூரிகையால் தொண்டை வரை துலக்க வேண்டும். செருகும்போது லேசாகத் திருப்பினால் போதும், தட்டக் கூடாது. சிக்கிக்கொண்டால் குறடு போட்டுத் திருகினால் வாங்கியின் ஈயப்பற்று உடைந்து வரும். மவுத்பீஸ் உருவி என்ற சிறிய திருகுக் கருவியால் நேராக இழுத்தால் ஒரு நிமிடத்தில் கழன்றுவிடும்.